கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் வாக்களிக்க வருவதில்லை, ஏன்?

கேள்வி இதுதான்: மேயர், கவுன்சிலர் போன்றவர்களைப் பதவிக்காலம் முடிவதற்குள் நீக்குவதற்காகத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடக்கிறது. அந்த வாக்கெடுப்பைக் கேட்கும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போடுகிறார்கள், வாக்குப்பதிவு நாளில் பார்த்தால் வாக்குச்சாவடி காலியாகக் கிடக்கிறது. இது மக்களின் அலட்சியம்தானா? இப்படிக் கொஞ்சப் பேர் வந்து போட்ட வாக்கில் ஒருவர் பதவி இழப்பது நியாயமா? குறைந்தபட்ச வாக்குப்பதிவு இல்லையென்றால் செல்லாது என்று சட்டம் போட வேண்டாமா?

அலட்சியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வராதவர்கள் எல்லாரையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிட்டால் நடப்பது புரியாது. அதைவிட மோசம், தவறான மருந்தைத் தேடிப் போவோம். வராமல் இருப்பவர்களில் விஷயமே தெரியாதவர்கள் இருக்கிறார்கள், தெரிந்தும் ஒரு முடிவுக்கு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள், திட்டம் போட்டே வராமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி வகையினர் அரசியலில் அக்கறை இல்லாதவர்கள் அல்லர், பெரும்பாலும் அக்கறை மிகுந்தவர்கள். அவர்களை வீட்டிலேயே உட்கார வைப்பது பல இடங்களில் சட்டமே.

முதலில் ஒரு பொதுவான எண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு என்றாலே கூட்டம் வராது என்பது உண்மையில்லை. கலிஃபோர்னியாவில் 2002 நவம்பரில் நடந்த வழக்கமான ஆளுநர் தேர்தலில், பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய 51 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதில் வென்ற கிரே டேவிஸை நீக்குவதற்கு 2003 அக்டோபர் 7 அன்று வாக்கெடுப்பு நடந்தபோது 61 சதவீதம் பேர் வந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்திலும் இதே கதைதான். ஆளுநர் ஸ்காட் வாக்கரை நீக்க 2012 ஜூனில் நடந்த தேர்தலுக்கு, அவர் 2010இல் வென்றபோது வந்ததைவிட அதிகமானோர் வந்தார்கள், வந்து அவரையே பதவியில் வைத்தார்கள். பெரிய பதவி, பெரிய பணம், தினமும் தொலைக்காட்சியில் விவாதம், இரண்டு கட்சிகளும் முழு மூச்சில் களத்தில் என்றால் மக்கள் வருகிறார்கள்.

உள்ளாட்சிக்கு இறங்கி வந்தால் படம் மாறிவிடுகிறது. ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டி (மாவட்டம்) மேயர் கார்லோஸ் ஆல்வாரெஸ் 2011 மார்ச் 15 அன்று நீக்கப்பட்டார். சொத்து வரியை உயர்த்திய அதே நேரத்தில் ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கொடுத்தார் என்ற கோபம்தான் காரணம். வாக்களித்தவர்களில் 88 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். ஆனால் வாக்களிக்க வந்ததே பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேர். சான் பிரான்சிஸ்கோவில் 2022 பிப்ரவரியில் பள்ளிக் குழு உறுப்பினர்கள் மூன்று பேர் நீக்கப்பட்டபோது, நாடே அதைப் பற்றிப் பேசியும் வாக்குப்பதிவு சுமார் 36 சதவீதம்தான்.

ஏன் இப்படி? என் பார்வையில் முதல் காரணம் தேதி. வேறு எந்தத் தேர்தலும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் ஒரே ஒரு கேள்விக்காக மட்டும் வாக்குச்சாவடி திறந்தால், வருவது வழக்கமாக எல்லாத் தேர்தலுக்கும் வருகிறவர்கள்தான். அதாவது வயதில் மூத்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், அதே இடத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள். வாடகை வீட்டில் இருக்கும் இளைஞருக்கும், இரண்டு வேலை பார்ப்பவருக்கும் அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாமல் போகும். தேதிக்கு எவ்வளவு பலம் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் பார்த்தால் தெரியும். 2013 மே மாதம் மேயர் பதவிக்கு நடந்த இறுதிச் சுற்றில் வாக்குப்பதிவு சுமார் 23 சதவீதம். அந்த நகரம் பிறகு தன் தேர்தல்களை மாநில, தேசியத் தேர்தல்கள் நடக்கும் இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்றியது. 2022 நவம்பரில், அதே போலப் பதவியில் இருந்தவர் போட்டியிடாத மேயர் தேர்தலில், வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தாண்டியது. எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பும் முறையும் இதற்குள் வந்துவிட்டது, ஆகவே முழுப் பெருமையையும் தேதிக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் பெரும் பங்கு தேதியுடையதுதான். அந்த நகர மக்கள் ஒன்பது ஆண்டுகளில் திடீரென்று பொறுப்புள்ளவர்களாக மாறிவிடவில்லை.

இரண்டாவது காரணம், வழக்கமான தேர்தலில் வாக்காளருக்குக் கிடைக்கும் கைகாட்டிகள் இங்கே இல்லை. சாதாரணத் தேர்தலில் கட்சி இருக்கிறது, சின்னம் இருக்கிறது, எதிரே ஒரு வேட்பாளர் இருக்கிறார். இவரைப் பிடிக்காவிட்டால் அவருக்குப் போடலாம். திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் பல இடங்களில் கேள்வி ஒன்றுதான்: இவரை நீக்கலாமா, வேண்டாமா? நீக்கினால் யார் வருவார் என்பது தெரியாது. கலிஃபோர்னியாவிலேயே 2023 முதல் உள்ளாட்சிப் பதவிகளுக்கு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டார்கள். காலியான இடம் நியமனம் மூலமோ தனித் தேர்தல் மூலமோ நிரப்பப்படும். இதற்கு நல்ல காரணமும் உண்டு: பழைய முறையில், நீக்கப்பட்டவருக்கு ஆதரவாக விழுந்த வாக்குகளைவிடக் குறைந்த வாக்கு வாங்கிய ஒருவர் அந்த நாற்காலியில் வந்து உட்காரலாம். ஆனால் அடுத்து யார் என்ற கேள்வி சீட்டில் இல்லாதபோது, பாதி மனத்தோடு இருப்பவருக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் குறைந்துவிடுகிறது.

கேள்வியின் அமைப்பே குழப்புவதும் உண்டு. “இன்னாரை நீக்க வேண்டுமா?” என்று கேட்டால், அவரை விரும்புகிறவர் “இல்லை” என்று போட வேண்டும், வெறுப்பவர் “ஆம்” என்று போட வேண்டும். வாழ்நாளெல்லாம் பிடித்தவர் பெயருக்கு எதிரே முத்திரை குத்திப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். இதை அழகாகத் தீர்த்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார்கள். அங்கே நகர்ப்புற உள்ளாட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கும் வாக்குச்சீட்டில் இரண்டே படங்கள்: ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, காலி நாற்காலி. அனுப்பூர் நகரப் பஞ்சாயத்துத் தலைவர் 2001இல் இந்த முறையில்தான் நீக்கப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு நொடியில் புரியும். இதைவிடத் தெளிவான வாக்குச்சீட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் கையெழுத்து விஷயம். மனுவில் கையெழுத்துப் போட்டவரெல்லாம் நீக்குவதற்கு ஆதரவு என்று பிரச்சாரக் குழுக்கள் கணக்குப் போட்டு ஏமாறுகின்றன. கையெழுத்துக்கு மனுவை எடுத்துக்கொண்டு யாரோ உங்களைத் தேடி வருகிறார்கள். ஒரு நிமிட வேலை. கேட்பவர் முகத்துக்காகவே பலர் போட்டுவிடுகிறார்கள், “சரி, மக்களே முடிவு செய்யட்டும்” என்ற எண்ணத்தில் போடுபவர்களும் உண்டு. வாக்களிக்க நீங்கள் தேடிப் போக வேண்டும், போய் முடிவும் எடுக்க வேண்டும். ஜப்பானில் அக்குனே என்ற சிறு நகரம். நகரசபையைக் கூட்டாமலே உத்தரவுகள் போட்டு நிர்வாகம் நடத்திய மேயரை நீக்க, வாக்காளர்களில் பாதிக்கும் மேல், அதாவது 10,000க்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். 2010 டிசம்பர் 5 வாக்கெடுப்பில் நால்வரில் மூவர் வந்து வாக்களித்தார்கள், எந்த ஊரும் பொறாமைப்படும் அளவு. ஆனால் நீக்க வேண்டும் என்று விழுந்தவை 7,543, வேண்டாம் என்றவை 7,145. வித்தியாசம் 398 வாக்குகள். கையெழுத்துப் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஒன்று வரவில்லை அல்லது மனம் மாறிவிட்டார்கள். கூட்டம் அலைமோதிய இடத்திலேயே இப்படி என்றால், கலிஃபோர்னியாவின் பெரிய நகரங்களைப் போல வாக்காளர்களில் 10 சதவீதம் பேரின் கையெழுத்திலேயே வாக்கெடுப்பு வந்துவிடும் இடங்களில் மீதி 90 சதவீதம் பேருக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வாக்குப்பதிவு குறைந்தால் முடிவு செல்லாது என்ற விதி கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் அது வாக்குப்பதிவை உயர்த்துவதில்லை, குறைக்கிறது.

ஒரு ஊரில் 100 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும். மேயரை நீக்க வேண்டும் என்று 35 பேர், வேண்டாம் என்று 20 பேர், மீதிப் பேருக்கு ஆர்வமில்லை. இந்த 20 பேரும் கடமை உணர்வோடு வந்து வாக்களித்தால் மொத்தம் 55, வாக்கெடுப்பு செல்லும், மேயர் போய்விடுவார். அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் வந்தவர்கள் 35 பேர்தான், வாக்கெடுப்பு செல்லாது, மேயர் தப்பித்துவிடுவார். அதாவது மேயரைக் காப்பாற்ற நினைத்து வாக்களிக்க வந்தவரே அவரை வீட்டுக்கு அனுப்புகிறார். இப்படி ஒரு விதியின் கீழ், புத்தியுள்ள எந்த மேயரும் தன் ஆதரவாளர்களிடம் “வராதீர்கள்” என்றுதான் சொல்வார்.

சொல்லியும் இருக்கிறார்கள். வார்சா நகர மேயர் ஹன்னா கிரோன்கியெவிச்-வால்ட்ஸை நீக்க 2013 அக்டோபர் 13 அன்று வாக்கெடுப்பு நடந்தது. போலந்துச் சட்டப்படி, அந்தப் பதவிக்கான தேர்தலில் எத்தனை பேர் வாக்களித்தார்களோ அதில் ஐந்தில் மூன்று பங்கினராவது வர வேண்டும். வார்சாவுக்கு அது சுமார் 29 சதவீதம். மேயரின் கட்சிக்காரரான பிரதமர் டொனால்ட் டஸ்க், மக்கள் இந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்று வெளிப்படையாகப் பேசினார். வந்தவர்கள் 25.66 சதவீதம். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நீக்கச் சொன்னார்கள். மேயர் பதவியில் நீடித்தார். வராத 74 சதவீதம் பேரில் எத்தனை பேர் அலட்சியக்காரர்கள், எத்தனை பேர் மேயரின் ஆதரவாளர்கள்? பிரிக்கவே முடியாது. அக்கறையின்மையும் ஆதரவும் ஒரே தொகையாகக் கலந்துவிட்டன. தன்னை யாரென்றே தெரியாத மனிதரின் மௌனத்தைத் தனக்குக் கிடைத்த ஆதரவாக மேயர் காட்டிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் வாக்களிக்க வருகிறார்கள் என்றால் ரகசிய வாக்கு என்பது பெயரளவில்தான் இருக்கும். வாக்குச்சாவடி வாசலில் உங்களைப் பார்த்தாலே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மாநகராட்சி ஊழியர், நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுத்தவர், உரிமம் புதுப்பிக்கக் காத்திருக்கும் வியாபாரி, இவர்களெல்லாம் அந்த வாசலை மிதிக்க யோசிப்பார்கள். சிறிய ஊர்களில் இந்தப் பயம் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இந்தப் பயத்தையும் நாம் வெளியிலிருந்து பார்த்து அலட்சியம் என்றே எழுதிவிடுகிறோம்.

தைவான் இந்தச் சிக்கலோடு நேரடியாகப் போராடிய நாடு. முன்பு அங்கே பாதி வாக்காளர்களாவது வர வேண்டும் என்ற விதி இருந்தது. 2016இல் மாற்றினார்கள்: நீக்கும் வாக்குகள் எதிர் வாக்குகளைவிட அதிகமாக இருக்க வேண்டும், கூடவே மொத்த வாக்காளர்களில் 25 சதவீதத்தை எட்ட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று இப்போது எண்ணுவதில்லை, எத்தனை பேர் நீக்கச் சொன்னார்கள் என்றுதான் எண்ணுகிறார்கள். எதிர்த்து வாக்களிக்க வருகிறவர் இனித் தன் பக்கத்துக்கே கெடுதல் செய்வதில்லை.

பழைய பழக்கம் உடனே போகவில்லை. காவ்சியுங் மேயர் ஹான் குவோ-யூ மீது 2020 ஜூன் 6 அன்று வாக்கெடுப்பு வந்தபோது அவர் தரப்பு ஆதரவாளர்களை வர வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது. எதிர் வாக்குகள் வெறும் 25,051. 2022 ஜனவரியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஃப்ரெடி லிம் மீதான வாக்கெடுப்பில் நீக்கும் வாக்குகளே அதிகம், ஆனால் 25 சதவீதத்தைத் தொடாததால் அவர் தப்பித்தார். ஆனால் ஹானுக்குப் பிறகு மெல்ல இரண்டு பக்கமும் வர ஆரம்பித்தது. 2024 அக்டோபரில் கீலுங் மேயர் மீதான வாக்கெடுப்பில் வாக்குப்பதிவு 50 சதவீதத்தைத் தாண்டியது, எதிர் வாக்குகள் 86,000, நீக்கும் வாக்குகள் சுமார் 70,000. மேயர் உண்மையான ஆதரவைக் காட்டி ஜெயித்தார். மக்கள் வராததால் தப்பித்த மேயரைவிட மக்கள் வந்து காப்பாற்றிய மேயருக்கு அடுத்த நாள் வேலை செய்யும் தெம்பு அதிகம்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரமும் இதே போன்ற 25 சதவீத விதியின் கீழ்தான் வாக்களித்தது. 2010இல் அங்கே நடந்த லவ் பரேட் இசைவிழா நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். பொறுப்பேற்றுப் பதவி விலக மறுத்த மேயர் அடோல்ஃப் சாவர்லாண்டை 2012 பிப்ரவரி 12 அன்று மக்கள் நீக்கினார்கள். வாக்குப்பதிவு 41 சதவீதத்துக்குச் சற்று மேல். பாதிப் பேர் வர வேண்டும் என்ற விதி இருந்திருந்தால் அவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகும் அந்த முடிவு செல்லாமல் போயிருக்கும்.

ஆகவே சட்டம் போட வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில்: குறைந்தபட்ச வாக்குப்பதிவு விதி வேண்டாம். நீக்கும் வாக்குகளுக்குக் குறைந்தபட்ச அளவு வைக்கலாம், அதையும் நியாயமான உயரத்தில் வைக்க வேண்டும். 23 சதவீத வாக்குப்பதிவில் பதவிக்கு வந்த ஒருவரை நீக்க 50 சதவீதம் பேர் வர வேண்டும் என்று கேட்பது, உள்ளே வரும் கதவை அகலமாகவும் வெளியே போகும் கதவை ஒடுக்கமாகவும் கட்டுவது மாதிரி. இந்த வகையில் போலந்தின் விதி பழைய தேர்தலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல யோசனைதான், ஒப்பிடுவது வந்தவர்களின் தொகையை என்பதுதான் கோளாறு. கொலம்பியாவில் 1994இலேயே இந்த உரிமைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாக்குப்பதிவுத் தடையைத் தாண்டி முதல்முறையாக ஒரு மேயர் நீக்கப்பட்டது 2018இல், தாஸ்கோ என்ற சிற்றூரில். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

கட்டாய வாக்களிப்பு தீர்வாகுமா என்று கேட்பவர்களுக்குப் பெருவைக் காட்டுவேன். அங்கே வாக்களிக்காவிட்டால் அபராதம் உண்டு, கூட்டத்துக்குக் குறைவில்லை. 2013 மார்ச்சில் லிமா மேயர் சுசானா வில்லரான் நூலிழையில் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார், ஆனால் அதே நாளில் அவர் அணிக் கவுன்சிலர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டார்கள். நீண்ட சீட்டில் பெயர் பெயராக வந்த கவுன்சிலர்களில் பலரை வாக்காளர்களுக்கு யாரென்றே தெரியாது. ஆளைக் கொண்டுவர அபராதத்தால் முடியும், விஷயத்தைத் தெரியப்படுத்த முடியாது.

பொதுத் தேர்தலோடு சேர்த்து நடத்துவதே வாக்குப்பதிவை உயர்த்த எனக்குத் தெரிந்த நம்பகமான வழி. மிச்சிகன் மாநிலம் 2012இல் சட்டத்தை மாற்றி, திரும்ப அழைக்கும் தேர்தல்களை மே, நவம்பர் தேர்தல் நாட்களில் மட்டும் நடத்துகிறது. தனியாக வாக்குச்சாவடி போடும் செலவும் மிச்சம். குறை என்னவென்றால், ஊழல் குற்றச்சாட்டு உள்ளவர் அந்தத் தேதி வரும் வரை கஜானா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆறு மாதத்துக்குள் ஒரு தேர்தல் இருந்தால் சேர்த்து நடத்தலாம், அதைவிட நாளாகும் என்றால் தனியாகவே நடத்திவிடலாம் என்பது என் கருத்து.

சட்டம் மாறும் வரை களத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? வீட்டுக்கு வீடு போய்ப் பேசுங்கள். இது வெறும் நம்பிக்கையில் சொல்வதல்ல. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவை நன்றாக உயர்த்தியது, தபாலில் அனுப்பிய அறிக்கைகள் கொஞ்சம் உதவின, கூலிக்கு ஆள் வைத்துச் செய்த தொலைபேசி அழைப்புகளால் பயனே இல்லை. 2006இல் மிச்சிகனில் அவர்களே இன்னொருவரோடு சேர்ந்து செய்த சோதனையில், முந்தைய தேர்தல்களில் நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும் வாக்களித்தீர்களா இல்லையா என்ற பட்டியலை அச்சிட்டு அனுப்பினார்கள். வாக்குப்பதிவு 29.7 சதவீதத்திலிருந்து 37.8க்கு ஏறியது. பலன் பெரிது, ஆனாலும் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வந்தாரா என்பதை வைத்தே எந்தப் பக்கம் என்று ஊகிக்கக்கூடிய இடத்தில் அண்டை வீட்டாரின் கண்காணிப்பைக் கூட்டுவது ஆபத்து. போய்ப் பேசும்போது தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள், “ஆம்” என்றால் என்ன “இல்லை” என்றால் என்ன என்று விளக்குங்கள், நீக்கப்பட்டால் அந்த இடத்துக்கு அடுத்து எப்படி ஆள் வருவார் என்பதையும் சொல்லுங்கள். தயங்கி நிற்பவருக்கு இந்தக் கடைசிப் பதில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

முடிவு வந்த இரவில் வாக்குப்பதிவு சதவீதத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். நீக்கச் சொன்ன வாக்குகள் எத்தனை, அந்த மனிதர் முதலில் ஜெயித்தபோது வாங்கிய வாக்குகள் எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹான் குவோ-யூ விஷயத்தில், 2018இல் 70 சதவீதத்துக்கும் மேல் வாக்குப்பதிவான தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 8,92,545 பேர். 2020இல் வெறும் 42 சதவீதம் பேர் வந்த வாக்கெடுப்பில் அவரை நீக்கியவர்கள் 9,39,090 பேர்.